கூடாரத்துக்கு முன்னிருந்த வீடு

கோடை விடுமுறை பிறந்ததும், மனைவி மக்களோடு ஊரைவிட்டு நீங்கி, மலைக்காட்டில் கூடாரமடித்துச் சில இரவுகளைக் கழித்து வருதல் அமெரிக்க நாட்டாரிடையே வேரூன்றிய வழக்கமாகும். அவ்வாறு அவர்கள் நாடிச் செல்லும் இடங்களுள் தலையாயது, கலிஃபோர்னியா மாநிலத்துச் சியரா நெவாடா மலைத்தொடரில் அமைந்த யோசெமிட்டி தேசியப் பூங்கா. அதன் நடுவே ஏறத்தாழ 7 மைல் நீளமுள்ள பள்ளத்தாக்கு ஒன்று உண்டு. அங்கு 3,000 அடி நிமிர்ந்து நிற்கும் எல் கேப்பிட்டன் பாறையையும், 2,425 அடி வீழும் அருவியையும் பிள்ளைகளுக்குக் காட்டி, 'மனிதக் கை படாத காடு இது' என்று பெற்றோர் சொல்வர். சரித்திரம் சொல்வதோ வேறு. அதனை ஈண்டுச் சுருங்க நோக்குவோம்.

1848-ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவில் பொன் கண்டெடுக்கப்பட்டது. பொன் தேடி வந்தோர் மலையடிவாரமெங்கும் பரவினர். அங்கு வாழ்ந்த பழங்குடியினருக்கும் அவர்களுக்கும் பூசல் மூண்டது. 1851 மார்ச் திங்களில் மாரிப்போசாப் படை எனும் தொண்டர் படை பள்ளத்தாக்கினுள் நுழைந்தது. அங்கு வாழ்ந்தோர் தம் இருப்பிடத்தை அவானீ என்றழைத்தனர். அவர்தம் தலைவர் பெயர் தெனாயா. படையினர் குடிசைகளுக்குத் தீ வைத்தனர். குளிர்காலத்துக்கெனச் சேமித்திருந்த ஓக் மரக் கொட்டைகளையும் எரித்தனர். அக்கொட்டையின் மாவே அம்மக்களின் தலையாய உணவு என்பதை நினைவிற்கொண்டால், எரிந்தது இன்னதென விளங்கும். தெனாயாவின் மகன்களுள் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். எஞ்சியோர் சமவெளிக்கு ஓட்டிச் செல்லப்பட்டனர்.

நான்கே ஆண்டுகள் கழிந்து, 1855-இல், முதல் சுற்றுலாக் குழு அங்கு வந்து சேர்ந்தது. 1864 ஜூன் 30-ஆம் நாள், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த வேளையிலும், அதிபர் ஆபிரகாம் லிங்கன் அப்பள்ளத்தாக்கைப் பொதுமக்களின் உல்லாசத்துக்கென ஒதுக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1890-இல் சுற்றியுள்ள மலைப்பகுதி தேசியப் பூங்காவாயிற்று. 1899-இல் ஆசிரியத் தம்பதியரான கரி என்பார் ஏழு கூடாரங்களோடு ஒரு தங்குமிடம் தொடங்கினர். நடுத்தரக் குடும்பங்களும் வந்து தங்க அது வழி திறந்தது. 1903 மே திங்களில் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட், இயற்கை அறிஞர் ஜான் மியூருடன் அங்கு மூன்று இரவுகளைத் திறந்தவெளியில் கழித்தார். 1913-இல் மோட்டார் வண்டிகள் பள்ளத்தாக்கினுள் அனுமதிக்கப்பட்டன. இச்சட்டங்கள் இல்லையேல் அக்காடு மரவாடிகளுக்கு இரையாகியிருக்கும் என்பதை மறுப்பதற்கில்லை. நன்மையை நன்மையென்றே சொல்வோம். ஆனால் அதன் விலையைச் செலுத்தியவர் யார் என்பதும் கேட்கப்பட வேண்டிய வினாவே.

துரத்தப்பட்டோரிற் சிலர் சிறிது சிறிதாகத் திரும்பினர். தம் முன்னோர் மண்ணில் வழிகாட்டிகளாகவும், விடுதிகளில் துணி வெளுப்போராகவும், கூடை முடைந்து விற்போராகவும் வாழ்ந்தனர். 1916 முதல் 1929 வரை பூங்காவில் நடந்த விழாக்களில், பயணிகளின் கண்ணுக்கு விருந்தாகும்பொருட்டு, வேறொரு தேசத்துப் பழங்குடியினரின் உடையை அணியுமாறு அவர்கள் தூண்டப்பட்டனர். பள்ளத்தாக்கில் எஞ்சியிருந்த அவர்களது குடியிருப்பும் 1969-இல் அகற்றப்பட்டது. கூடாரங்களுக்கு இடமிருந்தது, வீடுகளுக்கு இல்லாமற்போயிற்று.

1929-இல் நிகழ்ந்த ஒன்று பெரிதும் சிந்திக்கத்தக்கது. தெனாயாவின் பேர்த்தி தொதூயா, சிறுமியாய்த் துரத்தப்பட்டவர், 78 ஆண்டுகளுக்குப் பின் அப்பள்ளத்தாக்கைக் காண வந்தார். உலகமே வியக்கும் அவ்விடத்தைக் கண்ட மூதாட்டி, புதர் மண்டிப் பாழாய்க் கிடக்கிறதென்று குறைப்பட்டார். வீட்டை விட்டுச் சென்றவள் திரும்பிவந்து, பெருக்காத முற்றத்தைக் காண்பது போன்றதே அது.

அவர் கூற்று வெறும் ஏக்கமன்று. அவர்தம் முன்னோர் பருவமறிந்து சிறு தீ வைத்துப் புதரைக் களைந்து வந்தனர். அதனால் ஓக் மரங்கள் செழித்தன, புல்வெளிகள் திறந்திருந்தன. முதற் பயணிகள் 'இயற்கைப் பூங்கா' என்று வியந்த பரப்பு அவ்வகையில் அம்மக்களின் கைவேலையுமாகும். அவர்களை நீக்கித் தீயையும் தடுத்தபின், ஊசியிலை மரங்கள் நெருங்கி வளர்ந்து வெளிகளை விழுங்கலாயின. 1970-களில் பூங்கா நிர்வாகமே திட்டமிட்டுத் தீ வைக்கும் முறைக்குத் திரும்பியது. 2022 ஜூலையில் காட்டுத்தீ ஒன்று மாரிப்போசாத் தோப்பின் பழம்பெரும் செக்குவோயா மரங்களை நெருங்கியபோது, முன்பே அவ்வாறு புதர் எரித்து வைத்திருந்தமை அவற்றைக் காக்கத் துணைபுரிந்தது.

1964-ஆம் ஆண்டின் அமெரிக்க வனச் சட்டம், காடென்பது மனிதன் தங்கிவிடாமல் விருந்தினனாய் வந்துபோகும் இடம் என்ற பொருள்பட வரையறுக்கிறது. யோசெமிட்டியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் 1984-இல் அச்சட்டத்தின்கீழ் வந்தது. அரபியில் 'பாதியா' என்றொரு சொல் உண்டு. நகரத்துக்கு அப்பாற்பட்ட வெட்டவெளியை அது குறிக்கும். ஆயினும் அங்கு வாழும் மக்களுக்கு 'பதவீ' எனும் பெயர் அதனினின்றே பிறந்தது. நிலத்தின் பெயரே அதன் மக்களைச் சுமந்து நிற்கிறது. மக்களை நீக்கிவிட்டுக் காட்டைக் காணும் கண், மொழிகளுக்கெல்லாம் பொதுவானதன்று.

2018-இல் பூங்கா நிர்வாகம், தெற்குச் சியரா மிவோக் மக்கள் பள்ளத்தாக்கில் தம் பழைய கிராமத்தை மீண்டும் எழுப்பிப் பயன்படுத்த உடன்படிக்கை செய்துகொண்டது. பிந்தியதேனும் நேரிய செயல் அது.

பூங்காவின் உயர்ந்த மலைப்பகுதியில் தெனாயா ஏரி எனும் அழகிய நீர்நிலை உண்டு. 1851-இல் அதன் கரையில் அம்மக்கள் சிறைப்பிடிக்கப்பட்டபின், படையிலிருந்த பன்னெல் எனும் மருத்துவர், தலைவரை அழைத்து, ஏரிக்கு அவர் பெயரையே சூட்டியிருப்பதாகப் பெருமிதத்துடன் தெரிவித்தார். அதற்கு ஏற்கெனவே ஒரு பெயருண்டு என்பதே தெனாயாவின் மறுமொழி. பைவியாக் என்பது அப்பெயர்; ஒளிரும் பாறைகள் என்பது அதன் பொருள். அந்நீரில் கால் நனைக்கும் குழந்தைகளுக்கு இரண்டு பெயர்களையும் சொல்லித் தருவது பெற்றோர் கடன்.