மிதமான சூடு: ஓவனில் வேகும் முட்டையும் உட்கார்ந்து சாப்பிடும் உரிமையும்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் தோசை. அம்மா கல்லுக்கு முன்னால் நிற்பார். முதல் தோசை அப்பாவுக்கு, அடுத்தது அண்ணனுக்கு, பிறகு எனக்கு. "ஆறிப்போயிடும், சூடா சாப்பிடு" என்ற குரல் அடுக்களையிலிருந்து வந்துகொண்டே இருக்கும். முட்டை வாங்கிய வாரங்களில் ஆம்லெட்டுக்கும் இதே வரிசைதான். எல்லோரும் கை கழுவிய பிறகு, மிச்சமிருக்கும் மாவை வழித்து ஊற்றி, நின்றபடியே அம்மா சாப்பிடுவார். அம்மாவுக்குத் தட்டு இருந்ததா என்று பல நாள் கழித்துத்தான் யோசித்தேன். தோசைத் திருப்பியிலிருந்தே அவர் பிய்த்துச் சாப்பிட்டதுதான் நினைவில் இருக்கிறது.

சூடான உணவு என்பது ருசியைப் பற்றிய விஷயம் மட்டுமல்ல. ஒருவர் சூடாகச் சாப்பிட வேண்டுமானால் இன்னொருவர் அடுப்பின் முன் நிற்க வேண்டும். ஒவ்வொன்றாகச் சுட்டுப் பரிமாறும் உணவு எதுவானாலும், அதைச் சுடுகிறவர் பந்தியில் உட்கார முடியாது. இதை நான் பெண்ணிய நூல்களிலிருந்து கற்கவில்லை. ஓவனில் முட்டை வேகவைக்கக் கற்றுக்கொண்ட ஒரு காலையில்தான் புரிந்துகொண்டேன்.

செய்முறை மிக எளிது. சின்னச் சின்ன பீங்கான் கிண்ணங்களின் உட்புறம் வெண்ணெய் தடவ வேண்டும். கிண்ணத்துக்கு ஒரு முட்டை உடைத்து ஊற்றி, உப்பு, மிளகுத்தூள் தூவி, மேலே ஒரு கரண்டி பாலாடை விட வேண்டும். முன்கூட்டியே 180 டிகிரிக்குச் சூடாக்கிய ஓவனில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். வெண்கரு இறுகி, மஞ்சள் கரு லேசாக ஆடும்போதே எடுத்துவிட வேண்டும். மீதியைக் கிண்ணத்தின் சூடே பார்த்துக்கொள்ளும். நான்கு பேரானாலும் ஆறு பேரானாலும் ஒரே நேரத்தில் வெந்து, ஒரே நேரத்தில் மேசைக்கு வரும். சமைத்தவளும் அவர்களோடு உட்காரலாம்.

உட்காரலாம் என்றுதான் சொல்கிறேன். அந்த 'லாம்' என்ற விகுதிக்குள் நூறாண்டு வரலாறு இருக்கிறது.

அந்த வரலாற்றை 1895-இல் தொடங்கலாம். அந்த ஆண்டு இங்கிலாந்தில் 'ஹன்டர்ஸ் வீக்லி' என்ற இதழில் கை பெரிங்கர் என்ற எழுத்தாளர் ஒரு கட்டுரை எழுதினார். காலை உணவையும் மதிய உணவையும் சேர்த்து 'ப்ரன்ச்' என்ற ஒரு வேளையாக ஞாயிற்றுக்கிழமைகளில் உண்ணலாம் என்பது அவர் கோரிக்கை. சனிக்கிழமை இரவு கேளிக்கையில் கழித்தவர்கள் மறுநாள் காலை சீக்கிரம் எழ வேண்டிய தொல்லை இருக்காது என்பது அவர் சொன்ன நன்மைகளுள் ஒன்று. நல்ல யோசனைதான். ஆனால் பதினோரு மணிக்கு எழுந்துவரும் ஆணுக்கு உணவு தயாராக இருக்க வேண்டுமானால், அந்த வீட்டின் நிலக்கரி அடுப்பை யாரோ அதற்கு வெகு முன்பே பற்றவைத்திருக்க வேண்டும். ப்ரன்ச் பிறந்த கதையைச் சொல்கிறவர்கள் பெரிங்கரைச் சொல்வார்கள். அடுப்பைப் பற்றவைத்தவளைச் சொல்வதில்லை.

அதற்கு அடுத்த ஆண்டு, 1896-இல், அட்லாண்டிக் கடலின் மறுகரையில் ஒரு புத்தகம் வெளிவந்தது: 'பாஸ்டன் குக்கிங் ஸ்கூல் குக் புக்'. எழுதியவர் ஃபேனி ஃபார்மர். பதினாறு வயதில் பக்கவாதம் வந்து, பள்ளிப் படிப்பு நின்று, ஆண்டுக்கணக்கில் நடக்க முடியாமல் வீட்டில் கிடந்தவர். முப்பது வயதை எட்டும்போது சமையல் பள்ளியில் மாணவியாகச் சேர்ந்தார். 1879-இல் பாஸ்டன் பெண்களின் கல்விச் சங்கம் ஒன்று தொடங்கிய பள்ளி அது. 1889-இல் பயிற்சி முடித்தார்; சில ஆண்டுகளில் அதே பள்ளியின் முதல்வரானார். அவர் எழுதிய புத்தகம் விற்கும் என்று பதிப்பாளருக்கு நம்பிக்கை இல்லை. ஆகவே முதல் 3,000 பிரதிகளை அவருடைய சொந்தச் செலவிலேயே அச்சிட்டார்கள். அந்தப் புத்தகம் பின்னர் லட்சக்கணக்கில் விற்றது.

அந்தப் புத்தகத்தில் ஓவனில் வேகும் முட்டை இருக்கிறது. ஆங்கிலத்தில் அதற்கு 'ஷர்டு எக்' என்று பெயர்; அதற்கென்றே உள்ள தட்டையான சிறு கிண்ணம் 'ஷர்ரர்'. கிண்ணத்தில் வெண்ணெய் தடவி, பிஸ்கட் தூளைப் பரப்பி, முட்டையை முதலில் ஒரு கோப்பையில் உடைத்துப் பார்த்து, பிறகு மெல்ல அதில் சரியவிட்டு, மேலேயும் வெண்ணெயில் பிசிறிய தூளைத் தூவி ஓவனில் வைக்கச் சொல்கிறார். ஃபேனி ஃபார்மரின் பெயர் நிலைத்ததற்குக் காரணம் அளவு. 'ஒரு கை', 'கொட்டைப்பாக்கு அளவு' போன்ற கணக்குகளை விட்டுவிட்டு, கோப்பையையும் கரண்டியையும் கத்தியின் முதுகால் மட்டம் தட்டி அளக்கச் சொன்னவர் அவர். 'மட்ட அளவுகளின் தாய்' என்றே அவரை அழைத்தார்கள்.

ஆனால் முட்டைக்கான குறிப்பில் ஓவனின் சூட்டைச் சொல்லும் இடத்தில் எண் இல்லை. 'மிதமான ஓவன்' என்று மட்டும் இருக்கிறது. கரண்டியை மட்டம் தட்டிய கைக்குச் சூட்டை மட்டம் தட்ட வழியில்லை. காரணம், அன்றைய ஓவன்களில் சூட்டை நிலைநிறுத்தும் கருவி கிடையாது. அப்படியென்றால் மிதம் என்பதைப் பெண்கள் எப்படி அறிந்தார்கள்? ஒரு காகிதத் துண்டையோ ஒரு சிட்டிகை மாவையோ உள்ளே வைத்து, அது எவ்வளவு நேரத்தில் பழுப்பாகிறது என்று பார்த்தார்கள். அல்லது வெறும் கையை ஓவனுக்குள் நீட்டி, எத்தனை எண்ணும்வரை தாங்குகிறது என்று எண்ணினார்கள். பெண்ணின் முன்கைதான் அந்தக் காலத்து வெப்பமானி.

முட்டைக்கு இந்த அறிவு சாதாரணமானதல்ல. வெண்கரு 60 டிகிரியைத் தாண்டியதும் இறுகத் தொடங்கும். மஞ்சள் கரு அதைவிடச் சற்றுக் கூடிய சூட்டில், 65-க்கும் 70-க்கும் இடையில் கெட்டியாகும். இந்தச் சிறிய இடைவெளிக்குள் எடுக்கத் தெரிந்தால் பட்டு, தவறவிட்டால் ரப்பர். விறகிலும் நிலக்கரியிலும் எரிந்த ஓர் இரும்புப் பெட்டிக்குள் அந்த இடைவெளியைக் கைத்தோலால் கண்டுபிடித்தவர்களை விஞ்ஞானிகள் என்று யாரும் அழைக்கவில்லை. 'கைப்பக்குவம்' என்று நம் ஊரில் சொல்வதுபோல அங்கும் ஏதோ சொல்லிவிட்டு நகர்ந்தார்கள்.

எழுத்தில் ஏறாத கைகளும் இருந்தன. ஃபேனி ஃபார்மரின் புத்தகத்துக்குப் பதினைந்து ஆண்டுகள் முன்பு, 1881-இல், சான் பிரான்சிஸ்கோவில் அபி ஃபிஷர் என்ற கறுப்பினப் பெண்ணின் சமையல் நூல் வெளிவந்தது. தென் கரோலைனாவில் அடிமையாகப் பிறந்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். தன் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள். பெண்களின் கூட்டுறவு அச்சகம் ஒன்று அதை அச்சிட்டது. அவருக்கு வாய்த்தது எத்தனை பேருக்கு வாய்த்திருக்கும்? வெள்ளையர் வீட்டு அடுக்களைகளில் வெந்த முட்டைகளில் எத்தனையை எவர் கை வேகவைத்தது என்பதை எந்தப் புத்தகமும் சொல்லாது. பாஸ்டனில் அந்தக் கை பெரும்பாலும் அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த பெண்ணின் கை. வேலைக்காரப் பெண் எவளாக இருந்தாலும் 'பிரிட்ஜெட்' என்ற ஒரே பெயரால் அழைக்கும் வழக்கம் அங்கே இருந்தது. பெயரைக்கூடத் தனியாகத் தர மறுத்தவர்கள் அவள் பக்குவத்தையா தனியாகக் குறித்துவைப்பார்கள்?

1899-இல் பாஸ்டனில் இருந்த இல்லப் பராமரிப்புப் பள்ளி ஒன்று நல்ல காரியம் செய்தது. அக்காலத்தின் நவீன நிலக்கரி அடுப்பு ஒன்றைப் பராமரிக்க ஆறு நாளில் எவ்வளவு உழைப்பு போகிறது என்று கணக்கெடுத்தது. உள்ளே போட்ட நிலக்கரி 292 பவுண்டு, அதாவது சுமார் 132 கிலோ. அதோடு விறகுச் சுள்ளி 14 பவுண்டு. அள்ளி வெளியே கொட்டிய சாம்பல் 27 பவுண்டு. நெருப்பு மூட்டவும், அது அணையாமல் பார்க்கவும், சாம்பலைச் சலிக்கவும், அடுப்புக்குக் கருப்பு மெருகு போடவும் ஆன நேரம் ஏறத்தாழ ஐந்தரை மணி. மெருகு போடுவதற்கு மட்டும் இரண்டு மணிக்கு மேல். இது சமைத்த நேரம் அல்ல. சமைப்பதற்கு முன் அடுப்பை அடுப்பாக வைத்திருக்க ஆன நேரம். 'எளிய' முட்டையின் அடியில் அந்தச் சாம்பலும் இருக்கிறது.

ஃபேனி ஃபார்மர் 1915-இல் இறந்தார். கடைசி ஆண்டுகளில் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி சொற்பொழிவாற்றினார். நோயாளிகளுக்கான உணவைப் பற்றி ஹார்வர்டில் மருத்துவர்களுக்குப் பாடம் எடுத்தவரும் அவரே. ஏறக்குறைய அதே காலத்தில்தான் அமெரிக்காவில் 'லொரைன்' என்ற பெயரில் எரிவாயு ஓவனுக்கான வெப்பச் சீராக்கி சந்தைக்கு வந்தது. 1923-இல் இங்கிலாந்தில் 'ரெகுலோ' வந்தது. குமிழைத் திருப்பினால் போதும். ஓவன் தானே சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும். 'மிதம்' என்பது தோலில் இருந்து எண்ணுக்கு மாறியது. நாம் இன்று அலட்சியமாக 180 என்று திருப்புகிறோமே, அந்த எண்ணுக்குப் பின்னால் சுட்டுக்கொண்ட கைகள் எத்தனையோ.

அப்படியானால் பெண்கள் உட்கார்ந்தார்களா?

இந்தக் கேள்வியைத்தான் வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-இல் வெளிவந்த தன் நூலில் எழுப்பினார். நூலின் பெயரே 'மோர் வொர்க் ஃபார் மதர்'. அம்மாவுக்கு இன்னும் அதிக வேலை. வீட்டுக்குள் வந்த கருவிகள் முதலில் விடுவித்தது ஆண்களையும் பிள்ளைகளையும் என்கிறார் அவர். விறகு வெட்டுவது, நிலக்கரி சுமப்பது போன்றவை அவர்கள் செய்துவந்த வேலைகள். அவை மறைந்தன. சமைப்பதும் துடைப்பதும் துவைப்பதும் பெண்ணிடமே நின்றன. வேலைக்காரப் பெண்கள் தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் போனபோது அவர்களுடைய பங்கும் இல்லத்தரசியிடம் சேர்ந்தது. போதாததற்கு எதிர்பார்ப்பு உயர்ந்தது. ஓவன் இருக்கிறதே, தினம் ஒரே உணவா என்றார்கள். ஜோன் வானெக் 1974-இல் எழுதிய ஆய்வின்படி, வெளிவேலைக்குப் போகாத அமெரிக்கப் பெண் 1920-களில் வாரத்துக்குச் சுமார் 52 மணி நேரம் வீட்டுவேலை செய்தாள். 1960-களில் 55 மணி நேரம். எரிவாயு வந்தது, மின்சாரம் வந்தது, வெப்பச் சீராக்கி வந்தது. நேரம் மட்டும் குறையவில்லை.

நம் கணக்கும் வேறாக இல்லை. 2019-இல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். அப்படி ஈடுபட்ட ஆண்களே நூற்றுக்கு இருபத்தாறு பேர்தான்.

என் ஓவன் மேசைமீது வைக்கும் சிறிய ரகம். அதில் முதன்முறை முட்டை வைத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். ஆறு கிண்ணம். எல்லாம் ஒரே நேரத்தில் மேசைக்கு வந்தன. ரொட்டித் துண்டுகளையும் முன்பே வாட்டி வைத்திருந்தேன். உள்ளே இனி எவருக்கும் வேலை இல்லை. எல்லோரும் உட்கார்ந்தோம். அம்மா மட்டும் தன் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுக்களை வாசலில் போய் நின்றார்.

"உட்காரும்மா, சுட வேண்டியது ஒண்ணுமில்ல" என்றேன்.

"நீங்க சாப்பிடுங்க. யாருக்காவது ஏதாவது வேணும்னா?" என்றார்.

அடுப்பு அணைந்த பிறகும் அம்மாவின் கால்கள் அணையவில்லை. ஒரு கருவியால் அறுபது ஆண்டுப் பழக்கத்தை உட்காரவைக்க முடியாது என்று எனக்கு அப்போது விளங்கியது. ஓவன் செய்தது ஒன்றே ஒன்றுதான்: 'சூடாகப் பரிமாற வேண்டும், அதனால் நிற்கிறேன்' என்ற காரணத்தை எடுத்துவிட்டது. காரணம் போன பிறகும் நிற்பது ஏன் என்ற கேள்வி அப்போதுதான் வீட்டுக்குள் வெளிப்படையாக வந்தது. என் மகள்தான் எழுந்துபோய் நாற்காலியை இழுத்து, "ஆச்சி, இது உங்க இடம்" என்றாள். அம்மா உட்கார்ந்தார். முட்டை நன்றாக இருக்கிறது, உப்புதான் கொஞ்சம் குறைவு என்றார்.

பிறகு கிண்ணங்கள். வெந்த முட்டை பீங்கானில் பிடிவாதமாக ஒட்டும். வெந்நீர் ஊற்றினால் இன்னும் இறுகும். பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் தேய்க்க வேண்டும். ஆறு கிண்ணங்களையும் தொட்டியில் போட்டுத் தண்ணீர் திறந்துவிட்டு, இதை வீட்டு ஆண்களுக்குச் சொன்னேன். ஊறும்வரை காத்திருக்கலாம் என்றார்கள். மதியம் இரண்டு மணிக்கு நானும் அம்மாவும் எழுந்து போகவில்லை. மூன்று மணிக்கும் போகவில்லை. நான்கு மணிக்குத் தொட்டியில் கிண்ணம் உரசும் சத்தம் கேட்டது. அம்மா என்னைப் பார்த்தார். அன்று எங்கள் வீட்டில் ப்ரன்ச் முடிந்தது அப்போதுதான்.