காடு யாருடைய தாய்வீடு?

சிப்கோ இயக்கம் என்றதும் நம் நினைவுக்கு வருவது மரத்தைக் கட்டிக்கொண்டு நிற்கும் மலைப்பெண்களின் படம். அதில் மரம் இருக்கிறது. அந்தப் பெண்களின் வயல் இல்லை. நான் அந்த வரலாற்றை வயலிலிருந்து படிக்க விரும்புகிறேன். காட்டை மீட்பதையும் நிலைத்த வேளாண்மையையும் ஒரே திட்டத்தில் இணைக்க வேண்டும் என்று இன்று நிபுணர்கள் பேசுகிறார்கள். 'ஒருங்கிணைந்த நிலப்பரப்பு மேலாண்மை' என்று அதற்குப் பெயர். கார்வால் மலைப்பெண்களுக்கு அது பெயரில்லாத அன்றாட வேலையாக இருந்தது.

இமயமலையின் கார்வாலிலும் குமாவூனிலும் விளைநிலம் என்பது சரிவில் படிபடியாக வெட்டிய சிறு வயல்கள். ஆண்கள் பலர் ராணுவத்துக்கும் சமவெளி நகரங்களுக்கும் பிழைக்கப் போய்விட, உழவு தவிர்த்த வயல்வேலை ஏறக்குறைய முழுவதும் பெண்கள் கையில். ஓக் மரத்தின் தழை மாட்டுக்குத் தீவனம். சருகைத் தொழுவத்தில் பரப்பினால் சாணத்தோடு மட்கி எருவாகும். அந்தக் காட்டு மண் மழைநீரைப் பிடித்துவைப்பதால் கீழே ஊற்று வற்றாது. ஆனால் காட்டின் சத்து வயலுக்குத் தானாக இறங்கி வருவதில்லை. ஒரு பெண்ணின் முதுகில் ஏறித்தான் வருகிறது.

இந்த உறவை முதலில் அறுத்தது ஆங்கிலேய அரசு. ரயில் தண்டவாளக் கட்டைக்கும் பிசினுக்கும் உதவும் மரங்களே அதற்குக் காடு. பைன் மரத்தின் ஊசியிலையை மாடு தின்னாது. அது எளிதில் தீப்பற்றும். 1921இல் குமாவூன் மக்கள் அரசுக் காடுகளுக்குத் தீவைத்தபோது எரிந்தவை பெரும்பாலும் பைன் காடுகள், ஓக் காடுகளை அவர்கள் விட்டுவைத்தார்கள் என்று ராமச்சந்திர குஹா எழுதுகிறார். கோபத்திலும் எது தங்கள் வயலுக்கு உரிய மரம் என்று அவர்கள் மறக்கவில்லை.

சுதந்திரம் வந்தும் கணக்கு மாறவில்லை. 1973இல் உழவுக் கருவி செய்ய மரம் கேட்ட உள்ளூர் அமைப்புக்கு இல்லையென்ற வனத்துறை, விளையாட்டுப் பொருள் கம்பெனிக்கு அதே மரத்தை ஒதுக்கியது. சிப்கோ தொடங்கியது அங்கேதான்.

1974 மார்ச் 26 அன்று ரேணி கிராமத்து ஆண்கள் நில இழப்பீடு வாங்க சமோலிக்குப் போயிருந்தார்கள். அந்த நேரத்தில் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் கோடாரியோடு வந்தார்கள். ஏலத்தில் போயிருந்தவை ஏறக்குறைய 2,500 மரங்கள். ஊர் மகளிர் சங்கத் தலைவி கௌரா தேவி, இளம் வயதிலேயே கணவனை இழந்தவர். முப்பதுக்கும் குறைவான பெண்களோடும் சிறுமிகளோடும் போய் அவர்களைத் தடுத்து நிறுத்தினார். காடு எங்கள் தாய்வீடு என்றார்கள் அந்தப் பெண்கள்.

இந்தச் சொல் என்னை யோசிக்க வைக்கிறது. மணமான பெண்ணுக்குப் புகுந்த வீட்டு நிலம் கணவன் பெயரில். பிறந்த வீட்டு நிலம் அண்ணன் தம்பி பெயரில். உரிமையோடு போய்வர அவளுக்கு இருந்த இடம் காடு ஒன்றுதான்.

ஆனாலும் அந்த உரிமையை ஊரே ஏற்றுக்கொண்டது என்று சொல்ல முடியாது. 1980இல் அதே சமோலி மாவட்டத்தின் டூங்ரி பைன்தோலியில் ஓக் காட்டை அழித்து அரசுப் பண்ணை அமைக்க ஊர்ப் பஞ்சாயத்து ஆண்கள் சம்மதித்தார்கள். பதிலுக்குக் கிடைக்க இருந்தவை சாலை, பள்ளி, மருத்துவமனை. பெண்களை யாரும் கேட்கவில்லை. காடு போனால் தழைக்கும் விறகுக்கும் இன்னும் பல மைல் நடக்கப்போவது அவர்கள்தான். மிரட்டலையும் மீறி அவர்கள் காட்டைக் காத்தார்கள். இம்முறை அவர்கள் எதிர்த்து நின்றது சொந்த ஊர் ஆண்களையும்தான்.

வெற்றிக்குப் பின்னாலும் ஒரு கதை உண்டு. ரேணியை ஒட்டிய நந்தாதேவி மலைப்பகுதி 1982இல் தேசியப் பூங்காவானது. மேய்ச்சல் உட்பட உள்ளூர் மக்களின் பழைய உரிமைகள் நின்றன. மரத்தைக் காத்தவர்களிடமிருந்தே காட்டைக் காக்க வேண்டும் என்று அரசு முடிவெடுத்தது. வெட்டும் அரசும் காக்கும் அரசும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போயின: இரண்டுக்கும் காடு வேறு, வயல் வேறு.

வனத்துறை, வேளாண் துறை, வருவாய்த் துறை என்று கோப்புகளில் பிரிந்து கிடப்பதை இணைப்பதாகச் சொல்லும் திட்டங்களை நான் வரவேற்கிறேன். அவற்றைப் படிக்கும் மாணவிகள் மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். நடப்போகும் மரம் எது, அதன் தழை யாருடைய மாட்டுக்கு? நிலப்பட்டா யார் பெயரில்? கூட்டத்தில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்களா என்பது போதாது. வேண்டாம் என்று சொன்னபோது அது செல்லுபடியானதா? டூங்ரி பைன்தோலிப் பெண்களுக்குக் கூட்டத்தில் அந்த அதிகாரம் இல்லை. அதனால்தான் அவர்கள் காட்டுக்கே போய் நிற்க வேண்டியிருந்தது.