தேயிலைக் கொழுந்தும் எங்கள் பிள்ளைகளின் சராசரியும்

கொஞ்சம் நீண்ட பதிவு. கணக்கும் வரும், வரலாறும் வரும். ஆறுதலாக வாசியுங்கள்.

சில மாதங்களுக்கு முன் ஒரு கூட்டத்தில் பாடசாலைகளின் சராசரிப் புள்ளிகளை வரிசைப்படுத்தித் திரையில் காட்டினார்கள். பெரியமடுப் பக்கத்துப் பிள்ளைகள் பட்டியலின் அடியில் இருந்தார்கள். “நகரத்துப் பாடசாலையால் முடிகிறது, உங்களால் ஏன் முடியவில்லை?” என்று கேட்டார்கள். நாங்கள் தலையைக் குனிந்து கொண்டிருந்தோம். பதில் இருந்தது, சொல்லத் தெரியவில்லை.

அந்தப் பதில் 90 வருடங்களுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. அதுவும் நம் நாட்டுத் தேயிலையை வைத்து.

இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் 1925 இல் தொடங்கப்பட்டது. இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்தில் ரொனால்ட் ஃபிஷருடன் வேலை செய்த டி. ஈடன் என்பவர் இங்கு வந்தார். எந்தப் பசளை போட்டால் கொழுந்து கூடும் என்று பார்ப்பது அவர் வேலை. நெல் என்றால் ஒவ்வொரு போகமும் புதிதாக விதைக்கலாம். தேயிலை அப்படியல்ல. ஒரே செடி பல பத்து வருடங்கள் நிற்கும். ஒரு துண்டு நிலத்தில் செடி பிறவியிலேயே வளம், பக்கத்துத் துண்டில் நோஞ்சான். இரண்டுக்கும் வேறுவேறு பசளை போட்டுவிட்டுக் கடைசியில் கொழுந்தை நிறுத்தால், கூடியது பசளையாலா, செடியாலா?

அதனால் பசளை போடுவதற்கு முன்பே ஒவ்வொரு துண்டும் எவ்வளவு கொழுந்து தருகிறது என்று பதிந்து வைத்தார்கள். 16 துண்டுகளின் அந்தக் கணக்கை ஃபிஷர் எடுத்து, ஆய்வாளர்களுக்கான தன் புள்ளிவிபரவியல் நூலின் 1932 ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒரு புதிய முறையை விளக்கினார். தொடக்கத்தில் இருந்த வித்தியாசத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தை ஒப்பிடும் முறை. அதில் கிடைப்பதுதான் திருத்திய சராசரி. உலகமெல்லாம் படித்த அந்தப் பாடத்தின் உதாரணம் மலையகத் தொழிலாளர்கள் பறித்த கொழுந்து.

கணக்கைப் பிள்ளைகளுக்கு மாற்றிப் பார்ப்போம். இவை விளங்குவதற்காக நாங்கள் போட்ட எண்கள். ‘அ’ பாடசாலைக்குத் தரம் 6 இல் வந்த பிள்ளைகளின் சராசரி 60. ‘ஆ’ பாடசாலைக்கு வந்தவர்களின் சராசரி 40. இரண்டுக்கும் பொது நடு 50. தரம் 9 இல் அ 66, ஆ 56. திரையில் காட்டினால் அ 10 புள்ளியால் முன்னுக்கு.

இப்போது ஒரே பாடசாலைக்குள், தொடக்கத்தில் ஒரு புள்ளி கூடிய பிள்ளை முடிவில் எவ்வளவு கூட எடுக்கிறது என்று பாருங்கள். 0.7 என்று வைப்போம். ‘அ’ தொடக்கத்தில் நடுவை விட 10 மேலே. ஆகவே 66 இலிருந்து 7 கழியும்: 59. ‘ஆ’ 10 கீழே. ஆகவே 56 உடன் 7 கூடும்: 63. வரிசை தலைகீழ்!

கவனியுங்கள், அந்த 0.7 பாடசாலைக்குள்ளே இருந்து எடுத்தது. பாடசாலைகளுக்கு இடையில் இருந்து எடுத்தால் பாடசாலையின் திறமையும் அதற்குள் கலந்துவிடும்.

இன்னொரு சிக்கலும் எங்களைப் போன்ற ஊர்களுக்கு உண்டு. பரீட்சை எழுதுவதே ஒன்பது பிள்ளைகள் என்றால், ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலே சராசரி விழுந்துவிடும். இதற்கு வழி மாட்டுப் பண்ணையில் இருந்து வந்தது. அமெரிக்காவில் சார்ள்ஸ் ஹென்டர்சன் என்பவர் எந்தக் காளையின் கன்றுகள் கூடப் பால் தரும் என்று கணிக்க ஒரு முறையை உருவாக்கினார். சில கன்றுகள் மட்டும் உள்ள காளையின் சராசரியை அப்படியே நம்பாமல் பொதுச் சராசரிப் பக்கம் கொஞ்சம் இழுப்பது. தகவல் கூடக் கூட இழுவை குறையும். இன்று ஒரு பாடசாலையின் பிள்ளைகளை ஒரு கூட்டமாக எடுத்துச் செய்யும் கலப்பு மாதிரிக் கணக்குகளின் வேர் அதில்தான். கணினியில் இவை சில நொடி வேலை.

அப்படியென்றால் திருத்திவிட்டால் எல்லாம் நியாயமாகிவிடுமா? இல்லை. அதற்கும் சாட்சி நம் நாடுதான்.

1970 இல் பல்கலைக்கழக அனுமதிக்கு மொழிமூலத்தை வைத்து வேறுவேறு வெட்டுப்புள்ளி வந்தது. மருத்துவத்துக்குத் தமிழ் மொழிமூலம் 250, சிங்கள மொழிமூலம் 229. 1973 இல் அதுவே புள்ளிகளை மொழிமூலத்தின்படி ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவரும் தரப்படுத்தலாக மாறியது. அதுவும் ஒரு திருத்தம்தான். ஆனால் எதை வைத்துத் திருத்தினார்கள்? மொழியை. ஆய்வுகூடம் உள்ள யாழ்ப்பாணக் கல்லூரி மாணவனும், விஞ்ஞான ஆசிரியரே இல்லாத மன்னார் மாணவனும் ஒரே நிரலில். தமிழில் எழுதிய முஸ்லிம் பிள்ளையும் அதே நிரலில். பிள்ளை தொடங்கிய இடத்தை யாரும் அளக்கவில்லை. அந்தக் காயம் இந்த நாட்டை எங்கே கொண்டுபோனது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

1974 இல் மாவட்ட ஒதுக்கீடு சேர்ந்தது. மொழியை வைத்துப் பின்னுக்குத் தள்ளப்பட்ட மன்னார்ப் பிள்ளைக்கு மாவட்டத்தை வைத்துக் கதவு திறந்தது. பிள்ளை அதே பிள்ளை, புள்ளி அதே புள்ளி. நிரல் மாறியது, விதி மாறியது.

2001 இல் இசட் புள்ளி வந்தது. பாடத்தின் இடையைக் கழித்து நியம விலகலால் பிரிப்பது. கடினமான பாடம், இலகுவான பாடம் என்ற வித்தியாசத்தை அது சரிசெய்யும். வேறொன்றையும் செய்யாது. 2011 இல் பழைய பாடத்திட்டத்தில் எழுதியவர்களையும் புதிய பாடத்திட்டத்தில் எழுதியவர்களையும் ஒன்றாகக் கலந்து கணித்தார்கள். 2012 இல் உயர் நீதிமன்றம் அதை ரத்துச் செய்து, தனித்தனியாகக் கணிக்கச் சொன்னது. யாருடைய சராசரியில் இருந்து கழிக்கிறோம் என்ற கேள்வி நீதிமன்றம் வரை போனது.

இன்று பெரும்பாலான துறைகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. மன்னாரும் அதில், புத்தளமும் அதில். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட எங்கள் சனத்தில் பெரும்பகுதி புத்தளத்து முகாம்களில்தான் வளர்ந்தது. 2009 க்குப் பிறகு திரும்பி வந்து காடு வெட்டி வீடு கட்டிய குடும்பங்களின் பிள்ளைகள்தான் எங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். மாவட்டம் என்ற நிரல் இதில் கொஞ்சத்தைப் பிடிக்கும். இரண்டு இடத்தில் பாதி பாதியாகப் படித்த வருடங்களைப் பிடிக்காது. மன்னார் நகரப் பிள்ளையும் பெரியமடுப் பிள்ளையும் அதற்கு ஒன்றுதான்.

எங்கள் பிள்ளைகளுக்கு இரக்கப் புள்ளி கேட்டு இதை எழுதவில்லை. திருத்திய கணக்கில் நாங்கள் இன்னும் கீழே போகவும் கூடும். அப்படியானால் பிழை எங்களுடையது, ஏற்றுக்கொண்டு வேலை செய்வோம். ஆனால் அது தெரிய வேண்டுமென்றால் முதலில் தொடக்கத்தை அளக்க வேண்டும். அதனால் இந்த வருடம் தரம் 6 இற்கு வந்த ஒவ்வொரு பிள்ளையின் முதல் மாதப் புள்ளியையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறோம். செலவு ஒன்றும் இல்லை. ஒரு கொப்பி, ஒரு பேனை.

சக ஆசிரியர்களே, நீங்களும் எழுதி வையுங்கள். அடுத்த முறை திரையில் ஒரு சராசரி வந்தால் இரண்டு கேள்வி கேட்போம். இந்தப் பிள்ளைகள் எங்கே இருந்து தொடங்கினார்கள்? எதைச் சமமாக வைத்து இதைக் கணித்தீர்கள்?

தேயிலைச் செடிக்குக் காட்டிய நியாயத்தைப் பிள்ளைக்கும் காட்டினால் போதும்.