அடைக்கலம் தந்த அபிசீனியா

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்

ஹழ்ரத் பிலால் (ரலி) அவர்களின் பெயரை அறியாத பிள்ளை நம் மஹல்லாவில் இல்லை. அன்னாரின் தாயார் அபிசீனிய நாட்டவர். நபி (ஸல்) அவர்களைச் சிறு வயதில் பேணி வளர்த்த உம்மு ஐமன் (ரலி) அவர்களும் அந்நாட்டவரே. அரபிகள் ஹபஷா என்றழைத்த அந்நாடே இன்றைய எத்தியோப்பியா. மதரஸாவில் முதல் ஹிஜ்ரத் பாடம் முடிந்ததும் நாம் அந்நாட்டை மறந்துவிடுகிறோம். அதன்பின் பதினான்கு நூற்றாண்டுகள் அங்கே முஸ்லிம்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை இக்கட்டுரையில் சுருக்கமாகக் காண்போம்.

நாடும் மக்களும்

ஆப்பிரிக்காவின் கிழக்கே, பெரும்பகுதி உயர்ந்த மேட்டுநிலமாக அமைந்த நாடு இது. தலைநகர் அடிஸ் அபாபா கடல் மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ளது. நீல நைல் இங்குள்ள தானா ஏரியில் புறப்பட்டு சூடானை நோக்கிப் பாய்கிறது. நாம் அருந்தும் காப்பியின் தாயகமும் இதுவே. 1993இல் எரித்திரியா தனிநாடானபோது கடற்கரை முழுவதையும் இழந்தது. எண்பதுக்கும் மேற்பட்ட மொழிகள் வழங்குகின்றன. ஆண்டுக்குப் பதின்மூன்று மாதங்கள் கொண்ட தனி நாட்காட்டியும் இவர்களுக்கு உண்டு. 2007ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்களில் ஏறத்தாழ 34 விழுக்காட்டினர் முஸ்லிம்கள்.

முதல் ஹிஜ்ரத்

மக்கத்துக் குறைஷியரின் கொடுமை எல்லை மீறியபோது, எவருக்கும் அநீதி இழைக்காத மன்னர் ஒருவர் ஆளும் நாடு உண்டு, அங்கே செல்லுங்கள் என நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களுக்கு வழிகாட்டினார்கள். கி.பி. 615 அளவில் ஹழ்ரத் உஸ்மான் (ரலி) அவர்களும், துணைவியாரும் நபிகளாரின் மகளாருமான ருகையா (ரலி) அவர்களும் உள்ளிட்ட சிறு குழு செங்கடலைக் கடந்தது. பின்னர் எண்பதுக்கும் மேற்பட்டோர் சென்றனர்.

அவர்களைத் திருப்பி அனுப்பக் கோரி குறைஷியர் காணிக்கைகளுடன் தூதுவர்களை அனுப்பினர். நஜ்ஜாஷி மன்னரோ ஒருதரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்பளிக்க மறுத்தார். ஜஃபர் பின் அபீதாலிப் (ரலி) அவர்கள் எழுந்து தம் மக்களின் நிலையை எடுத்துரைத்து, சூரா மர்யமின் தொடக்க வசனங்களை ஓதினார்கள். கிறிஸ்தவரான மன்னர் தாடி நனையக் கண்ணீர் சிந்தினார். காணிக்கைகள் திருப்பித் தரப்பட்டன. அகதிகள் அங்கேயே தங்கினர். அம்மன்னர் மறைந்த செய்தி வந்தபோது மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் காயிப் ஜனாஸா தொழுகை நடத்தினார்கள்.

ஹரர் நகரம்

கிழக்கு எத்தியோப்பியாவில் மதில் சூழ்ந்த ஹரர், அந்நாட்டு முஸ்லிம்களின் கல்விக் கேந்திரமாக விளங்கியது. 82 பள்ளிவாசல்கள் அங்குள்ளன. அவற்றுள் மூன்று பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. மக்கள் தம் மொழியை அரபு எழுத்தில் எழுதி வந்தனர், நம் முன்னோர் அரபுத் தமிழ் எழுதியதைப் போலவே. பதினாறாம் நூற்றாண்டில் அமீர் நூர் மதிலை எழுப்பினார். ஹரர் 1887இல் இரண்டாம் மெனலிக்கின் படையிடம் வீழ்ந்தது. 2006இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இந்நாட்டிலிருந்து அடிமையாக விற்கப்பட்டு நம் தக்காணத்திற்கு வந்த மாலிக் அம்பர், அஹ்மத் நகர் சுல்தானியத்தின் முதலமைச்சராக உயர்ந்து, மொகலாயப் படைகளைப் பல்லாண்டுகள் தடுத்து நின்றார். அவர் உருவாக்கிய கட்கி நகரமே பின்னர் ஔரங்காபாத் ஆனது.

இருதரப்பு வடுக்கள்

நஜ்ஜாஷி காட்டிய நீதி எல்லாக் காலத்திலும் நிலைக்கவில்லை. 1529 முதல் இமாம் அஹ்மத் பின் இப்ராஹீம் நடத்திய போரில் தேவாலயங்கள் எரிக்கப்பட்டன. 1543இல் அவர் களத்தில் வீழ்ந்தார். 1878க்குப் பின் நான்காம் யோஹன்னிஸ் பேரரசர் வொல்லோ முஸ்லிம்களை மதம் மாறக் கட்டாயப்படுத்தினார். நம்மவர் செய்ததை மறைத்து, நமக்குச் செய்யப்பட்டதை மட்டும் எழுதுவது வரலாறாகாது.

ஏப்ரல் 1974இல் அடிஸ் அபாபா வீதிகளில் முஸ்லிம்கள் சம உரிமை கோரி பெரும் பேரணி நடத்தினர். கிறிஸ்தவர்கள் பலரும் உடன் நடந்தனர். அதன் பின்னரே இரு பெருநாட்களும் மீலாதும் அரசு விடுமுறைகளாயின.

நெகாஷ் பள்ளிவாசல்

திக்ரே மாநிலத்தின் நெகாஷ் சிற்றூரில் நஜ்ஜாஷி மன்னரும் ஸஹாபாக்கள் பதினைவரும் அடங்கியிருப்பதாக அந்நாட்டு மரபு கூறுகிறது. அங்குள்ள பள்ளிவாசல் துருக்கியின் உதவியுடன் புதுப்பிக்கப்பட்டது. 2020 இறுதியில் மூண்ட உள்நாட்டுப் போரில் அதன் மினாராவும் குவிமாடமும் சேதமுற்றன. அம்மாநிலத்தின் தேவாலயங்களும் தப்பவில்லை. நவம்பர் 2022இல் அமைதி உடன்பாடு கையெழுத்தானது.

அடைக்கலத்தின் அடையாளமாகிய இல்லமே போரில் சிதைந்ததைக் கேட்டு நாம் வருந்தினோம். எனினும், நம் மார்க்கம் வேரூன்றுமுன் அதைக் காத்தவர் பிற சமய மன்னர் ஒருவர் என்பதை எந்தக் குண்டும் அழித்துவிட முடியாது. நம் வாசலுக்கு முறையீட்டுடன் வருபவர் எச்சமயத்தவராயினும், இருதரப்பையும் கேட்ட பின்னரே முடிவு சொல்வது நஜ்ஜாஷி நமக்குக் கற்றுத்தந்த பாடம். நம் ஜமாஅத்தின் பஞ்சாயத்துகளிலும் இதனை மறவாதிருப்போமாக. வல்ல அல்லாஹ் அந்நாட்டு மக்கள் அனைவருக்கும் அமைதியை அருள்வானாக. ஆமீன்.