அரசர்கள் போகாத விழாவும் வாஷிங்டனின் கையெழுத்தும்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து கோலாலம்பூர் பழைய ரயில் நிலையத்துக்கு நடந்தே போய்விடலாம். 1946 ஏப்ரல் 1 அன்று அங்கிருந்த ஸ்டேஷன் ஹோட்டலில் மலாய் சுல்தான்கள் தங்கியிருந்தார்கள். வெளியே மலாய் மக்கள் திரண்டு நின்றார்கள். சுல்தான்களின் அதிகாரத்தைப் பிரிட்டனிடம் ஒப்படைத்த மலாயன் யூனியனின் ஆளுநர் எட்வர்ட் ஜென்ட்டின் பதவியேற்புக்கு ஒரு சுல்தான்கூடப் போகவில்லை. மலாய் ஆண்கள் சொங்கோக்கில் வெள்ளைத் துணி கட்டித் துக்கம் காத்தார்கள்.

இந்த எதிர்ப்பை 1795இல் அமெரிக்காவில், பிரிட்டனோடு ஜான் ஜே பேசி முடித்த ஜே உடன்படிக்கைக்கு எழுந்த எதிர்ப்போடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டிலும் மறுதரப்பு பிரிட்டன். இரண்டிலும் மக்களைக் கொதிக்கவைத்தது மூடுமந்திரம். அமெரிக்க செனட் கதவைச் சாத்திக்கொண்டு விவாதித்து 20க்கு 10 என ஒப்புதல் தந்தது. செனட்டர் மேசன் வழியாக அதன் வாசகம் பிலடெல்பியாவின் 'அரோரா' பத்திரிகைக்குப் போனதும், ஊர் ஊராக ஜான் ஜேயின் கொடும்பாவி எரிந்தது. நியூயார்க்கில் உடன்படிக்கையை ஆதரித்துப் பேசவந்த ஹாமில்டன்மீது கல் பறந்தது. மலாயாவில் பிரிட்டனின் தூதர் ஹரால்ட் மெக்மைக்கேல் 1945 கடைசியில் அரண்மனை அரண்மனையாகப் போய் யூனியனுக்கான உடன்படிக்கையில் சுல்தான்களிடம் கையெழுத்து வாங்கினார். நெருக்குதலுக்குப் பணிந்தே கையெழுத்திட்டதாகக் கெடா சுல்தான் பின்னர் முறையிட்டார்.

முடிவுதான் வேறு. வாஷிங்டன் கையெழுத்திட்டார், 1796இல் கீழவை 51க்கு 48 என நிதியும் ஒதுக்கியது. எதிர்த்தவர்கள் தோற்றாலும் அந்தக் கோபத்தில் ஜெஃபர்சனின் கட்சி வலுப்பெற்றது. மலாயாவில் உடன்படிக்கையே வீழ்ந்தது. 1946 மார்ச்சில் கம்போங் பாருவில் கூடிய மலாய் காங்கிரஸ், மே மாதம் அம்னோ கட்சியாக உருவெடுத்தது. 1948 பிப்ரவரி 1இல் யூனியன் போய்க் கூட்டாட்சி வந்தது.

நமக்கு என்ன ஆயிற்று? யூனியன் திட்டத்தில் மலாயாவில் பிறந்தவர்களுக்கும் நெடுநாள் வாழ்ந்தவர்களுக்கும் தாராளமான குடியுரிமை இருந்தது. அதைக் காக்கத் தமிழர்கள் திரளவில்லை. இதை அலட்சியம் என்று நான் சொல்லமாட்டேன். சயாம் மரண ரயில் பாதை வேலைக்குப் போய்த் திரும்பாதவர்களுக்காகத் தோட்டத்து லயங்கள் அழுதுகொண்டிருந்த காலம் அது. கண்ணும் காதும் இந்திய விடுதலையின் பக்கம் இருந்தன. ஜான் திவி தலைமையில் மலாயா இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) பிறந்தது 1946 ஆகஸ்டில். அதற்குள் ஆங்கிலேயரும் அம்னோவும் சுல்தான்களும் புதிய ஏற்பாட்டைப் பேசத் தொடங்கியிருந்தார்கள்.

பிறகு அந்தக் கூட்டாட்சி ஏற்பாட்டை நாமும் எதிர்த்தோம். டான் செங் லோக் தலைமையிலான கூட்டணியில் ம.இ.கா. சேர்ந்தது, புத்ரா என்ற மலாய் முன்னணியும் கைகோத்தது. 1947 அக்டோபர் 20 ஹர்த்தாலில் கடைகள் அடைபட்டன, தோட்ட வேலை நின்றது. மூன்று இனமும் சேர்ந்து நடத்திய அந்தப் போராட்டத்துக்கு லண்டன் அசையவில்லை. ஒற்றுமை இருந்தது, ஆனால் அரசு தட்டிக்கழிக்க முடியாத பிடி இல்லை. அமெரிக்கருக்குத் தேர்தல் இருந்தது. மலாய்க்காரருக்குச் சுல்தான்கள் இருந்தார்கள். நமக்கு இரண்டும் இல்லை.

கூட்டாட்சியில் குடியுரிமை விதிகள் இறுகின. நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு குடியுரிமைக்குக் காத்திருக்கும் தமிழ் முதியவர்கள் இன்றும் இந்த நாட்டில் இருக்கிறார்கள்.