ஒரு நூல் அளவு

ஓசூரில் சின்னதைச் சொல்லச் சொல்லுக்குப் பஞ்சமில்லை. தமிழில் கொஞ்சம், கன்னடத்தில் கொஞ்ச, தெலுங்கில் கொஞ்செம். கன்னட வீட்டில் ‘ஒஞ்சூரு’ சர்க்கரை கேட்பார்கள். தமிழ் வீட்டில் ‘இத்துனூண்டு’ போதும் என்பார்கள். ‘இத்தனை’ பேச்சில் தேய்ந்து ‘இத்துனி’யாகி, வாலில் ஓர் ‘ஊண்டு’ சேர்ந்து பிறந்த சொல் அது. சொல்லும்போதே கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நெருங்கிவரும். ஆனால் உங்கள் இத்துனூண்டு வேறு, என் இத்துனூண்டு வேறு. பட்டறையில் அது செல்லாது. அங்கே புழங்கும் சொல் ‘நூல்’.

“அண்ணே, கதவு தரையில இடிக்குது. கீழ ஒரு நூல் இழைச்சிடுங்க” என்றால் தச்சர் “எவ்வளவு?” என்று திருப்பிக் கேட்கமாட்டார். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல், மில்லிமீட்டரில் 3.175. ஹார்டுவேர் கடையில் ‘மூணு நூல் போல்ட்டு’ கேட்டால், எட்டில் மூன்று அங்குல விட்டமுள்ள போல்ட்டு கைக்கு வரும். அதற்கும் கீழே அரை நூல் உண்டு.

வடநாட்டுத் தச்சர் இதே அளவைச் ‘சூத்’ என்கிறார். அதற்கும் பொருள் நூல்தான். தச்சர் கையில் நூல் முதலில் கருவி. சாயம் தோய்த்த நூலை மரத்தின்மேல் இழுத்துப் பிடித்துத் தெறித்தால் நேர்கோடு விழும். மரத்தின் கோணலை நீக்கும் இந்த நூலைத்தான், மனக்கோணலை நீக்கும் நூலுக்கு உவமையாக்கினார் நன்னூல் என்ற இலக்கணம் தந்த பவணந்தி முனிவர். கோணலைக் காட்டிக்கொடுத்த கருவியே, அந்தக் கோணல் எவ்வளவு என்பதற்கும் பெயராகியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

‘இம்மி’யும் ஒரு காலத்தில் துல்லியமான எண்தான், கணக்கில் எழுதிய மிக நுண்ணிய ஒரு பின்னம். கணக்கு எழுதிய கைகள் அதை விட்டுவிட்டன. இன்று ‘இம்மியும் பிசகாமல்’ என்ற பேச்சில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மெட்ரிக் அளவைகளுக்கு 1956இல் சட்டம் வந்த பிறகும் நூல் சாகவில்லை. தினமும் அதைக் கேட்டு வேலை செய்யும் கைகள் இருக்கின்றன. சின்னச் சொல்லுக்கு உயிர் அகராதியில் இல்லை, அந்தக் கைகளில் இருக்கிறது.

ஓசூரில் ஆலை வைத்திருக்கும் டைட்டன் நிறுவனம் 2002இல் ‘எட்ஜ்’ என்ற மெல்லிய கைக்கடிகாரத்தை வெளியிட்டது. மொத்தத் தடிமன் 3.5 மில்லிமீட்டர். ஓசூர்த் தச்சரிடம் கொடுத்து அளக்கச் சொன்னால் அவருக்கு அது ஒரு நூல், அதற்குமேல் இத்துனூண்டு.