வாய்தாவும் அழைப்பாணையும்: பரளச்சி வட்டாரத்தில் நீதிமன்ற நாள் அறிவிப்பு

குற்ற வழக்கின் அடுத்த விசாரணை நாளை, பரளச்சி உள்ளிட்ட அருப்புக்கோட்டை–திருச்சுழிக் கரிசல் வட்டாரத்தார் ‘வாய்தா’ என்பர். அரபு மூலத்தில் வாக்குறுதியைக் குறிக்கும் இச்சொல் நிலவரித் தவணைக்கும் பெயராயிற்று. வாக்கு இருதரப்புக்கும் உரியது. நீதிமன்ற வாய்தாவோ குற்றஞ்சாட்டப்பட்டவரை மட்டுமே கட்டியது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே திருச்சுழியில் நடுவர் மன்றம் இயங்கியது; இரமண மகரிஷியின் தந்தை சுந்தரமய்யர் அங்கு வழக்காடியவர். 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் முதல் அழைப்பாணைக்கு விரிவாகவே வழிவகுத்தது: நேரில் வழங்க வேண்டும், ஆள் அகப்படாவிடில் குடும்பத்தின் வயதுவந்த ஆணிடம் தரவேண்டும், அதுவும் இயலாவிடில் வீட்டில் ஒட்டவேண்டும். தலைமறைவானவர் பற்றிய பிரகடனத்தை ஊர்ப் பொதுவிடத்தில் படித்து, 30 நாளுக்குக் குறையாத அவகாசம் தரவேண்டும். ஒத்திவைப்புக்குப்பின் மறுநாளை நினைவூட்டும் கடமையை மட்டும் அச்சட்டம் எவருக்கும் விதிக்கவில்லை. நடுவர் மன்றத்தில் சொன்னதே அறிவிப்பு. தவறினால் 514ஆம் பிரிவின்படி பிணைத்தொகை பறிபோகும், பிடிவாரண்டும் பிறக்கும். தொகையை இழக்க நேரும் ஜாமீன்தாரரே இதனால் நடைமுறையில் நினைவூட்டுபவரானார். சட்டம் சொல்லாமலே செய்துகொண்ட ஏற்பாடு இது.

ஊரார் தமிழ் மாதங்களைக் கணக்கிட்டனர். மன்றம் ஆங்கிலத் தேதியில் இயங்கியது. ஐப்பசி மழைக்குப்பின் கரிசலின் ஈரம் காயுமுன் விதைத்தாக வேண்டிய மானாவாரி விவசாயிக்கு, அருப்புக்கோட்டைக்குச் செல்லும் ஒரு நாள் ஓராண்டு விளைச்சலையே பாதிக்கக்கூடும். வராமையை எல்லாம் தப்பியோட்டமாகக் கொள்வது இங்குப் பொருந்தாது. 2020இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான நியூயார்க் ஆய்வில், குறுஞ்செய்தி நினைவூட்டல் வராமையை 21 விழுக்காடு குறைத்தது. மறதியின் பங்கு எத்துணை என்பதை அது காட்டுகிறது.

இதற்கு நேர்மாறாக, அண்டைய கமுதி, முதுகுளத்தூர்ப் பகுதிகளின் ஆப்பநாட்டு மறவர்மீது குற்றப் பரம்பரைச் சட்டம் ஏவப்பட்டது. பதிவுபெற்றோர் குறித்த நேரத்தில் தம் இருப்பைத் தெரிவிக்க வேண்டியிருந்தது. ஒருவர் இரவில் எங்கு உறங்குகிறார் என்பதை அறிய ஆளமர்த்திய அரசு, அவருக்கு வாய்தாவை நினைவூட்ட ஒருவரையும் அமர்த்தவில்லை. சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இல் நீங்கியது, நினைவூட்டாமை நீங்கவில்லை.

1973ஆம் ஆண்டுச் சட்டமும் ‘வயதுவந்த ஆண்’ என்னும் வரையறையைத் தொடர்ந்தது. ஆடவர் பிழைப்புக்காக வெளியூர் செல்லும் இவ்வறண்ட நிலத்தில், வீட்டிலிருந்த பெண்ணிடம் அழைப்பாணையைத் தந்தால் அது செல்லாது. 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவே அதனை ‘வயதுவந்த உறுப்பினர்’ என மாற்றி, மின்னணு வழங்கலுக்கும் இடமளித்தது. ஒத்திவைத்த நாளை நினைவூட்டும் கடமையை அதுவும் எவர்மீதும் சுமத்தவில்லை.